செஞ்சிப் போரும் அதன் நினைவு மரபும்

ஒரு நாட்டார் தம் மண்ணில் நிகழ்ந்த போர்களை நினைவுகூரும் முறை அப்போர்களின் அளவைப் பொறுத்ததன்று. இதற்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தினும் தெளிவான சான்று காண்டல் அரிது. திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் 1760 சனவரி 22ஆம் நாள் நிகழ்ந்த போர், தென்னாட்டில் பிரெஞ்சுக்காரர் வலியை முறித்தது. மறு ஆண்டே புதுச்சேரி வீழ்ந்தது. அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகட்கு முன், 1714 அக்டோபர் 3ஆம் நாள், திண்டிவனத்துக்கு மேற்கேயுள்ள செஞ்சிப் பக்கத்தில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சில நூறு குதிரைவீரருடன் எதிர்த்து ஓர் இளைஞன் மாண்டான். முன்னது வரலாற்று நூல்களில் உளது. பின்னதோ மக்கள் நாவில் உளது. தேசிங்கின் கதைபோல் நாடெங்கும் பரவிய கதைப்பாடல் ஒன்று வந்தவாசிப் போருக்கு எழவில்லை.

இதன் காரணம் யாது? வந்தவாசியில் ஆங்கிலப் படையை நடத்திய அயர் கூட் அயர்லாந்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையை நடத்திய லாலியும் அயர்லாந்துக் குடிவழியினர். வேற்று நாட்டார் இருவர் வேற்று அரசுகட்காகப் பொருத களத்தில், தம்மவன் எனக் கொண்டு அழுதற்குரிய தலைவன் ஒருவனை இவ்வட்டார மக்கள் காணவில்லை. ஆனால் தேசிங்கும் தமிழனல்லன் என்பதை மறத்தலாகாது. அவன் புந்தேல இராசபுத்திரன். தந்தை சொரூப்சிங்கு ஔரங்கசீப்பால் 1700இல் செஞ்சிக் கோட்டைத் தலைவனாக அமர்த்தப்பெற்றவன். எனவே, பிறப்பும் மொழியும் மட்டுமே காரணமாகா. காரணத்தைக் கதையின் அமைப்பில் தேடுதல் வேண்டும்.

வரலாற்றின்படி, 1714இல் தந்தை இறந்தபின் பேரரசின் புதிய ஆணையின்றியே தேசிங்கு கோட்டையை ஏற்றான். நெடுநாள் வரிப்பாக்கியை நவாபு கேட்டான். கொடாமையின் போர் மூண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலில் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் இந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்துள்ளார். பெரிய எழுத்துப் பதிப்புகளாக ஊர்தோறும் விற்ற கதைப்பாடலிலோ வரிக்கணக்கு பின்னே ஒதுங்குகின்றது. எவராலும் அடக்கவியலாத குதிரையைத் தில்லியில் இளம்பருவத்தே அடக்கிய ஆண்மையும், மானமும், நட்புமே அங்குக் கதையை நடத்துகின்றன. இஃது உண்மை பிறழ்ந்த கதை எனத் தள்ளிவிடுவார் உளர். அவர் கூற்று நமக்கு உடன்பாடன்று. போர் எவ்வாறு நடந்தது என்பதற்குக் கதைப்பாடல் சிறந்த சான்றாகாது. அப்போரை மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று இல்லை.

தேசிங்கின் சாவை எடுத்துக்கொள்வோம். வரலாற்றில் அவன் போர்க்களத்தில் பகைவர் குண்டுக்கு இரையானான். கதையிலோ, தோழனும் குதிரையும் பட்டபின் வாழ விரும்பானாய், தன் வாளை மேலே எறிந்து மார்பில் ஏற்று மாய்கின்றான். பகைவன் கையால் தம் தலைவன் சாதலைக் கதை ஒப்பவில்லை. நட்பின்பொருட்டு உயிர்நீத்தல் புறநானூறு கற்றார்க்குப் புதிதன்று; கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்தில் பிசிராந்தையார் வந்து சேர்ந்ததை நினைவிற் கொள்க. தொல்காப்பியம் காட்சி, கால்கோள் முதலாக நடுகல்லுக்கு ஆறு துறை வகுத்தது. மேற்கே அடுத்துள்ள செங்கப் பகுதியின் நடுகற்கள் 1972இல் தனி நூலாக வெளிவந்தன. ஆகவே, வடநாட்டு வீரனாயினும் தேசிங்கு இறந்தபின் தமிழ்ப் புறமரபுக்கு உரியவனானான் எனலாம்.

இனி, அத்தோழன் ஓர் இசுலாமியன். மக்கள் மோவுத்துக்காரன் என வழங்கும் மகபத்கான், தன் திருமணப் பந்தலினின்றே எழுந்து போர்க்குச் சென்றான் என்பது கதை. நீலாம்பூண்டியில் அவன் கல்லறையையும் குதிரையின் கல்லறையையும் மக்கள் காட்டுவர். இதனை வியத்தற்கில்லை. இவ்வட்டாரத்துத் திரௌபதியம்மன் வழிபாட்டில் முத்தால இராவுத்தன் என்னும் இசுலாமியக் குதிரைவீரன் காவற்றெய்வமாக நிற்கின்றான். அவ்வழிபாட்டின் முதலிடமாகச் செஞ்சியை அடுத்த மேலச்சேரி போற்றப்படுகின்றது. மேலும், அவ்விழாக்களில் பாரதப் போர் கூத்தாக ஆடப்பெற்றுப் படுகளத்தில் முடியும். மண்ணாற் செய்த துரியோதனன் உருவத்தருகே பகைவனுக்கும் ஒப்பாரி உண்டு. போரை நூற்றாண்டு எண்ணி நினைவுகூராது ஆண்டுதோறும் அழுது நினைவுகூர்தலே இங்குள்ள வழக்கு.

பகைவர்க்கும் நினைவில் இடம் தருதல் எளிதன்று. அயர்லாந்தில் 1916இல் தப்ளின் நகரில் கிளர்ச்சி எழுந்தது; அதே ஆண்டில் பிரித்தானியப் படையிற் சேர்ந்த அயர்லாந்தார் பலர் பிரான்சில் சொம் ஆற்றுப் போரில் மடிந்தனர். நூறாண்டு நிறைவுற்ற 2016இல், கிளர்ச்சியாளர், பொதுமக்கள், பிரித்தானியப் படைவீரர் என மாண்டார் அனைவர் பெயரையும் ஒரே சுவரில் பொறித்துக் கிளாசுநெவின் இடுகாட்டில் எழுப்பினர். அச்சுவர் பன்முறை சிதைக்கப்பட்டது. 2022இல் பெயர் தாங்கும் முயற்சியே கைவிடப்பட்டது. அரசும் அறநிலையமும் எண்ணித் திட்டமிட்டுச் செய்ததை அங்குள்ளார் ஒருசாரார் ஏற்கவில்லை. எவரும் திட்டமிடாத நீலாம்பூண்டிக் கல்லறையோ நிலைத்துள்ளது.

வென்றவன் செயலும் ஈண்டுக் கருதத்தக்கது. தேசிங்குடன் தீப்பாய்ந்த அவன் இளமனைவியின் நினைவாகச் சாதத்துல்லாகானே பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டையை அமைத்தான் என்பது நெடுநாள் வழக்கு. செஞ்சியில் செட்டிக்குளக் கரை மேடையை அவ்விருவர் உடலும் எரிந்த இடமாகச் சுட்டுவர்.

2025 சூலையில் உலக மரபுச் சின்னப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தது. மராட்டியர் போர்க்காப்பு நிலைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகவே சேர்ந்தது. ஏனைய பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளன. சிவாசி 1677இல் கைக்கொண்ட கோட்டை 1698இல் முகலாயர் வசமாயிற்று, இடைப்பட்டது இருபத்தோராண்டு. கோனார் தலைவரும் நாயக்கரும் கட்டியவை அப்பெயருக்குள் அடங்கா. தேசிங்கோ அக்கால எல்லைக்கே புறம்பானவன். சிறப்புக் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே; பெயரில்தான் குறை. அப்பட்டியலை அறியாத உழவரும் சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் முகம் சற்றுத் திரும்பியிருத்தலைக் காட்டி, போர்க்குப் போக விடைகேட்டு நின்ற தேசிங்குக்கு அவர் அன்று விடைதர மறுத்த குறி அது என்பர்.