வளவில் நிற்கும் வரலாறு

வரலாறு என்றதும் எங்கள் மனம் கோட்டைகளையும் அரசர்களையும் நாடித்தான் போகிறது. யாழ்ப்பாணத்து வரலாற்றைச் சொல்வோர் நல்லூரிலே தொடங்கி, பறங்கியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசைப்படுத்தி முடித்துவிடுகிறார்கள். இலக்கிய அன்பர்களாகிய நேயர்களுக்கு இன்று வேறோர் ஏட்டைப் புரட்டிக் காட்ட விரும்புகிறேன். எங்கள் ஒவ்வொருவர் வீட்டு வளவுமே அந்த ஏடு. எதை நடுவது, எதை விடுவது என்று முன்னோர் தலைமுறை தலைமுறையாக எடுத்த முடிவுகள் அங்கே மரமாகவும் கொடியாகவும் நிற்கின்றன.

நான் வாழும் ஊர் அச்சுவேலி. பெயரிலேயே வேலியைக் கொண்ட ஊர். ஊருக்குள் செம்மண், வல்லை வெளியை நெருங்க நெருங்க நிறம் மாறி உவர் ஏறும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கடல்நீரின் மேலே நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. எங்கள் ஊருக்கு அண்மையில், நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு இதற்குச் சான்று. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். ஆகவே எதை நடுவது என்ற கேள்விக்கு எங்கள் ஊர்களில் முதல் விடை சொன்னது கிணறுதான்.

பழைய வளவு ஒன்றின் அமைப்பைப் பாருங்கள். குளித்த நீரும் கழுவிய நீரும் ஓடிச் சேரும் கிணற்றடியில் வாழையும் தென்னையும் தேசியும். சற்று அப்பால் மாவும் பலாவும். முற்றத்தருகே பூசைக்குரிய செவ்வரத்தை, நந்தியாவட்டை, துளசி. தண்ணீர் எட்டாத கோடிப்புறத்தில் பனை. எல்லையைச் சுற்றிப் பூவரசும் கிளுவையும் முருங்கையும் கதியால்களாக நிற்கும். வேலிக்கென்று ஊன்றிய தடி துளிர்த்து மரமாவதுதான் கதியால். அதன் குழை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் உதவும்; முருங்கை கறிக்கு உதவும். நீரின் தூரத்தை அளந்து மரத்தின் இடத்தைக் குறித்தவர்கள் எங்கள் பாட்டன்மார். அந்தக் கணக்கை அவர்கள் எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் இந்த வளவு ஆதிதொட்டு இப்படியே இருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் பெயர்களைக் கொண்டே இதைக் காட்டலாம். பப்பாசி, அன்னாசி, அன்னமுன்னா ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். பறங்கியர் கப்பலில் வந்தபோது தங்கள் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தன. நாங்கள் அவற்றைத் தமிழ் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டோம். வேறு சிலவற்றுக்கு நாங்களே பெயரிட்டோம். உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்த சமையலறைக்குள் புதிய காய் ஒன்று நுழைந்தபோது அதை மிளகாய் என்றோம். வள்ளிக்கிழங்கை அறிந்திருந்தவர்கள், மரம்போல் நின்று கிழங்கு தந்த பயிரை மரவள்ளி என்றார்கள். யாழ்ப்பாண அரசு 1619இல் பறங்கியர் கையில் வீழ்ந்ததைத் துயரத்தோடு படிக்கிறோம். மிளகாயும் அந்தக் கடல்வழியின் பேறுதான். இன்று அது இல்லாத யாழ்ப்பாணக் கறியை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவூட்ட வேண்டும். எங்கள் பேச்சுவழக்கில் வளவு வேறு, தோட்டம் வேறு. தோட்டத்தில் எதை நடுவது என்பதைச் சந்தை தீர்மானித்தது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் எங்கள் செம்மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த வாணிகம் தளர்ந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தோட்டக்காரரைத் தலைநிமிர வைத்தன. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அந்த விலையைக் கவிழ்த்தது. தோட்டத்தின் வரலாறு இப்படி ஏறியும் இறங்கியும் செல்கிறது. கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிச் சிறுவர்களுக்குப் பாடிய நவாலியூர் சோமசுந்தரப் புலவர், பனையின் பெருமையைத் தாலவிலாசம் என்ற தனி நூலாகவே பாடினார். தோட்டத்தையும் வளவையும் ஒருசேர அறிந்த புலவர் அவர்.

வளவின் கணக்கோ குடும்பத்தின் கணக்கு. சந்தை கைவிட்ட வேளைகளிலெல்லாம் குடும்பத்தைத் தாங்கியது வளவு. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசிக் கப்பல் நின்றபோது மரவள்ளியும் ஒடியலும் அடுப்பேறின. 1990இன் பின் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதரிது, இறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தன. கையால் இறைக்கும் நீருக்கு எத்தனை பாத்தி தாங்குமோ அத்தனை பாத்தியில் கீரையும் கத்தரியும் பயிற்றையும் இட்டோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு நாடே நெருக்கடியில் சிக்கியது. 2022 ஜூனில், வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவு செய்தது. எங்கள் தாய்மார் எவர் கட்டளையும் இல்லாமல் செய்துவந்த வேலையை அரசாங்கம் அன்றுதான் கண்டுபிடித்தது போலும்!

இந்த வரலாற்றை எண்ணும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. நெருக்கடியில் நாங்கள் நட்டவை பெரும்பாலும் நாற்பது நாளில் கீரையாகும், சில மாதங்களில் காயும் கிழங்கும் தரும் பயிர்கள். மாவும் பலாவும் பனையும் நட்டவர்கள் நாளையை நம்பியவர்கள். “தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்” என்பது பழமொழி. பனை காய்க்கப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஆகலாம், இருபதும் ஆகலாம். பாளை வரும்வரை அது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. அப்படியிருந்தும் நட்டார்கள். ஒருவன் எவ்வளவு காலத்தை நம்புகிறான் என்பதை அவன் நடும் பயிரே சொல்லிவிடும்.

அந்த நம்பிக்கை சோதிக்கப்பட்ட நாளும் வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பியவர்களை வரவேற்க வீட்டுக் கூரைகள் பல இருக்கவில்லை. மரங்கள் பல இருந்தன. எங்கள் அயலூராகிய வளலாயில் காணிகள் 2015இல் விடுவிக்கப்பட்டபோது, கால் நூற்றாண்டின் பின் உள்ளே போனவர்கள் பற்றைக் காட்டைத்தான் கண்டார்கள். வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. கிணற்றையும் நின்ற மரங்களையும் வைத்தே தங்கள் நிலம் எது என்று மட்டுக்கட்டினார்கள். அறுதியும் உறுதியும் எழுதிய பத்திரம் தொலைந்தாலும், பாட்டன் வைத்த மரம் சாட்சி சொல்லும். முப்பதாண்டு மரத்தின் பயன்களுள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்று நிலை என்ன? நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரி வகுப்பில், தங்கள் வளவில் நிற்கும் மரஞ்செடிகளின் பெயர்களை எழுதிவருமாறு மாணவரிடம் ஒருமுறை கேட்டேன். சிலர் நாற்பது பெயர் எழுதினார்கள். சிலர் நான்கோடு நிறுத்தினார்கள். மிச்ச இடம் சீமெந்து என்றார்கள். வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகளின் முற்றங்கள் கல் பதிக்கப்பட்டுப் பளபளக்கின்றன. கதியால் நின்ற இடத்தில் மதில். பூட்டிக் கிடக்கும் வீடுகளிலோ விழுந்த மாம்பழத்தைப் பொறுக்க ஆளில்லை. கூட்டித் துப்புரவு செய்வது சிரமம், பிள்ளைகள் கனடாவில், யாருக்காக நடுவது என்று முதியவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சீமெந்து மூடிய முற்றத்தில் விழும் மழை நிலத்துள் இறங்குவதில்லை. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இடும் பசளையோ இறங்கிக் கிணற்றையே சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனம் மேலெல்லையாக வைத்திருக்கிறது. வலிகாமத்தின் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அன்று கிணறு எங்களுக்கு விடை சொன்னது. இன்று எங்கள் விடையைப் பொறுத்தே கிணறு இருக்கிறது.

எதை நடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிணற்றடியில் நாற்பது நாட் பயிர் ஒன்று. மழை இறங்கும் மண்முற்றத்தில் பேரப்பிள்ளைக்கென்று ஒரு மரம். இரண்டும் வேண்டும். ஆவணியில் பனங்கொட்டை பொறுக்கிப் பாத்தி போடும் வழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. தை, மாசியில் கிழங்கைக் கிண்டி அவித்துத் தின்கிறோம், ஒடியலாகக் காயவிடுகிறோம். கிண்டாமல் விட்டது வடலியாகும். பாத்தி முழுவதையும் கிண்டிவிடாமல், வேலியோரத்தில் நாலு முளையை விட்டுவையுங்கள். அவற்றின் நுங்கை நாங்கள் உண்ணாமல் போகலாம். யாரோ ஒருவர் திரும்பி வரும்போது அடையாளம் காட்ட அவை நிற்கும்.