இரண்டு விரலும் ஒரு தீர்ப்பும்

1/ 1972 மார்ச் 26, மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். ஒரு புகார் சம்பந்தமா ராத்திரி அங்க வந்த ஆதிவாசிப் பொண்ணு. 14-லிருந்து 16 வயசுக்குள்ளன்னு டாக்டர் கணிச்சார். கூட வந்தவங்களை வெளியே அனுப்பிட்டு, ஸ்டேஷனுக்குள்ளேயே வன்கொடுமை நடந்துச்சுங்கிறது வழக்கு.

2/ மறுநாள் ராத்திரி பரிசோதனை. ரிப்போர்ட்டோட சாரம்: உடம்புல காயம் இல்லை. கன்னித்திரையில பழைய கிழிசல். இரண்டு விரல் சுலபமா நுழையுது.

3/ ஒரு டாக்டரா சொல்றேன். இரண்டு விரல் நுழையுதா இல்லையாங்கிறது வன்கொடுமை நடந்துச்சான்னு சொல்லாது. காயம் இல்லைன்னா சம்மதம்னு அர்த்தமும் கிடையாது. பயத்துல உறைஞ்சு போன உடம்பு போராடாது.

4/ ஆனா செஷன்ஸ் கோர்ட் 'உடலுறவுக்குப் பழகியவள்'னு சொல்லி போலீஸ்காரங்களை விடுவிச்சது. ஹைகோர்ட் தண்டிச்சது. 1978-ல சுப்ரீம் கோர்ட், காயம் இல்லாததையும் ஒரு காரணமாக் காட்டி திரும்ப விடுவிச்சது.

5/ 1979-ல உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உட்பட நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினாங்க. பெண்கள் தெருவுல இறங்கினாங்க. 1983-ல சட்டம் திருந்துச்சு. காவல்ல இருக்கும்போது நடந்த வழக்கில் பெண் 'சம்மதிக்கல'ன்னு சொன்னா, கோர்ட் அப்படியே எடுத்துக்கணும். பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடறதும் குற்றம் ஆச்சு. அதனாலதான் நானும் இங்க சொல்லல.

6/ ஆனா பெண்ணோட 'நடத்தை'யைக் கேள்வி கேட்க அனுமதிச்ச 1872 சாட்சியச் சட்டப் பிரிவு 2002 கடைசி வரைக்கும் இருந்தது. 130 வருஷம்!

7/ விரல் பரிசோதனை? 2013-ல சுப்ரீம் கோர்ட் அது அந்தரங்க உரிமை மீறல்னு சொன்னது. 2014-ல சுகாதார அமைச்சக வழிகாட்டி கூடாதுன்னது. 2022 ஏப்ரல்ல மெட்ராஸ் ஹைகோர்ட் தமிழ்நாட்டுல தடை செய்யச் சொன்னது. அதே வருஷம் அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட், செய்யற டாக்டர் மேல ஒழுங்கீன நடவடிக்கைன்னது, பாடத்திட்டத்தையும் மாத்தச் சொன்னது.

8/ ஒரே விஷயத்தை ஏன் இத்தனை தடவை தடுக்கணும்? நாங்க நிறுத்தல, அதான். போலீஸோ வக்கீலோ மட்டும் இல்லை, நியாயத்துக்குக் குறுக்க வெள்ளைக் கோட்டும் நின்னுச்சு.

9/ இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 'போலீஸ் லெட்டர் கொண்டு வா'ன்னு திருப்பி அனுப்ப எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை. அரசோ தனியாரோ, உடனே இலவசமா முதலுதவி, சிகிச்சை தரணும். மறுத்தா ஒரு வருஷம் வரை சிறை. பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கணும். 'வேண்டாம்'னு சொன்னாலும் சிகிச்சை உண்டு.

10/ சக டாக்டர்களுக்கு: அவங்க சொல்றதை அப்படியே எழுதுங்க. விரலை எடுங்க, பேனாவைப் பிடிங்க. (முடிஞ்சது)