சுதந்திராக் கட்சி (1959–1974)

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் உழவரிடையே கிளம்பியது. அந்த ஜூனிலேயே ராஜாஜியும் என். ஜி. ரங்காவும் மினு மசானியும் சென்னையில் அறிவித்த கட்சி இது. தொழில் தொடங்கவும் பெருக்கவும் அரசின் அனுமதிக்குக் காத்துக்கிடக்க வைத்த ஏற்பாட்டை ராஜாஜி ‘பெர்மிட்–லைசென்ஸ் ராஜ்’ என்று சாடினார். 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்கள் கிடைத்தன. எதிர்வரிசைப் பேச்சை வைத்தே இக்கட்சியை மதிப்பிடுவது வழக்கம்; ஆட்சியில் செய்ததைப் பார்த்தால் வேறு முகம் தெரிகிறது.

கட்சி பிறக்கும் முன்பே அதன் பொருளாதாரக் கொள்கைக்குச் சென்னை மாகாணத்தில் ஒரு சோதனை நடந்துவிட்டது. 1952 சட்டமன்றத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. தென்னார்க்காட்டில் செல்வாக்குப் பெற்ற உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பிடித்திருந்தன. நாயக்கரை அமைச்சராக்கி ஆட்சியை நிலைப்படுத்திய காங்கிரஸ் முதலமைச்சர் ராஜாஜி, ரேஷன் கார்டுக்கு அளந்து போட்ட அரிசிக் கட்டுப்பாட்டை அந்த ஆண்டே நீக்கினார். மத்திய உணவு அமைச்சர் கித்வாயின் துணை இருந்தது என்பார்கள், இருந்தது. ஆனாலும் அரிசி கிடைக்காமல் போயிருந்தால் பழி முதலமைச்சர் தலையில்தான் விழுந்திருக்கும்.

கட்சியின் பெயரிலேயே முதலமைச்சர் அமர்ந்தது 1967இல் ஒரிசாவில். (அதே ஆண்டு தமிழகத்தில் தி.மு.க. கூட்டணியில் 20 இடங்களை வென்றும், தி.மு.க. தனிப் பெரும்பான்மை பெற்றதால் அமைச்சரவையில் இடம் இல்லை.) ஜன காங்கிரஸ் கட்சியுடன் சேர்ந்து ஒரிசாவில் ஆண்டவர் பழைய பட்னா சமஸ்தானத்து அரசர் ராஜேந்திர நாராயண் சிங் தேவ். முன்னாள் மன்னர்கள் நடத்திய கணதந்திர பரிஷத் 1962இல் இணைந்ததால் வந்த பலம் அது. ஆக, கொள்கையைவிடப் பழைய அரண்மனைச் செல்வாக்கே அங்கே வாக்குச் சேர்த்தது. 1970இல் நிலவரி நீக்கச் சட்டம் கொண்டுவந்ததைச் சுட்டி இதை மறுக்கலாம். உழவருக்கு அது நன்மைதான். கட்சியின் சொல்லுக்கும் பொருந்துகிறது. ஆனால் அரசு தனிமனிதர் வாழ்வில் தலையிடக் கூடாது என்ற கட்சியின் ஆட்சியில்தான் 1967இல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. வற்புறுத்தலையும் மோசடியையும் தடுக்கவே என்று வாதிடலாம். அதே சட்டம் ‘ஆசைகாட்டுதல்’ என்ற தளர்வான காரணத்தையும் குற்றமாக்கி, மனச்சாட்சி விஷயத்தை அதிகாரியின் கணிப்புக்கு விட்டது. சொத்துக்குக் கேட்ட சுதந்திரத்தை அதே கறாருடன் மனச்சாட்சிக்கு இக்கட்சி கேட்கவில்லை.

1971இல் ஒரிசா ஆட்சி போயிற்று. மக்களவையில் 8 இடங்களே மிஞ்சின. அடுத்த ஆண்டு ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சியின் பெரும்பகுதி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. மதமாற்றச் சட்டம் செல்லும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.