ரேடியோவுக்கு ஓட்டு, கம்பிக்கு வாடகை

தலைப்பைப் பார்த்துட்டு எலெக்‌ஷன் பதிவுன்னு வந்தவங்க மன்னிக்கவும். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது ரேடியோக்கள் போட்டி போடுற ஓட்டு. கடைசியில திண்டிவனம் - விழுப்புரம் ரயில் பாதையில வந்து நிக்கும். நடுவுல அமெரிக்கா வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரணும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

1928ல டெட்ராய்ட் நகரப் போலீஸ் ரோந்துக் கார்ல ரேடியோ வெச்சாங்க. ஆனா அது ஒருவழிப் பாதை. ஸ்டேஷன் பேசும், கார் கேட்கும், அவ்வளவுதான். கார்ல இருக்கிறவர் பதில் சொல்லணும்னா இறங்கிப் போய் போன் தேடணும். 1933ல நியூஜெர்சியில பேயோன்ங்கிற ஊர்ல கார்ல இருந்தே திருப்பிப் பேசுற வசதி வந்தது.

அப்புறம் வாக்கி டாக்கி வந்தப்ப பழைய தலைவலி திரும்பி வந்தது. கோபுரத்து உச்சியில இருக்கிற டிரான்ஸ்மிட்டர் நூறு வாட்டுல கத்தும். இடுப்புல செருகின செட்டு நாலஞ்சு வாட்டுல முனகும். மேல இருந்து சொல்றது கீழ கேட்குது, கீழ இருந்து சொல்றது மேல போய்ச் சேரலை. (எங்க ஆபீஸ்லயும் அதேதான்னு யாரோ முணுமுணுக்கிறது கேட்குது :-))

இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஊரைச் சுத்தி அஞ்சாறு இடத்துல வெறும் ரிசீவரை மட்டும் வைக்கிறது. முனகுற செட்டுக்குப் பக்கத்துல ஏதாவது ஒரு ரிசீவர் இருக்கும் இல்லையா? எல்லா ரிசீவரும் தனக்குக் கேட்டதைத் தலைமையிடத்துக்கு அனுப்பும். அங்க ஒரு பெட்டி, எதுல இரைச்சல் கம்மின்னு பார்த்து அந்தக் குரலை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். பேசுறவர் நடந்துக்கிட்டே இருந்தா, நொடிக்குள்ள வேற ரிசீவருக்கு மாறிடும். அந்தப் பெட்டிக்குப் பேருதான் 'வோட்டர்'.

சரி, ரிசீவர்ல இருந்து தலைமையிடத்துக்குக் குரல் எப்படிப் போகும்? அங்கதான் மேட்டரே. டெலிபோன் கம்பெனிகிட்ட மாச வாடகைக்கு எடுத்த லீஸ்டு லைன்ல. டயல் டோன் கிடையாது, நம்பர் கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் திறந்தே இருக்கிற ரெண்டு கம்பி. 'வயர்லெஸ்' சிஸ்டம்னு பேரு, பாதி செலவு வயருக்கு!

மாட்டுறவங்களுக்கு உண்மையான வேலையும் இங்கதான். நீளமான கம்பியில போகும்போது குரலோட மேல் சுருதி மழுங்கிடும். இரைச்சல் அதிகமா இருக்கிறதும் அதே மேல் சுருதியிலதான். அதனால சரி பண்ணாம விட்டா, மோசமான கம்பியில வர்ற குரல் இரைச்சல் கம்மியான மாதிரி நடிச்சு ஜெயிச்சிடும். அதாவது கள்ள ஓட்டு! ஒவ்வொரு லைனையும் அளந்து சமப்படுத்தித்தான் பெட்டியை ஓட விடணும். இன்னொரு விஷயம். யாரும் பேசாதப்ப ரிசீவர் சும்மா இருக்காது, கம்பியில ஒரு டோன் அனுப்பிக்கிட்டே இருக்கும் (மோட்டரோலா முறையில 2175 ஹெர்ட்ஸ்). எதுக்கு? 'யாரும் பேசலை'ங்கிறதும் 'லைன் செத்துப்போச்சு'ங்கிறதும் கேட்கிறவருக்கு ஒரே அமைதிதான். ஆனா ரெண்டும் ஒண்ணில்லை.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன வயசுல இந்த வரிசையை மனப்பாடமா சொல்லுவேன். ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல ஒரு போன் இருக்கும். அதுல அவர் எப்பவும் யார்கிட்டயோ சத்தமா நேரம் சொல்லிக்கிட்டிருப்பார். அதுதான் கண்ட்ரோல் போன். ஒரே ஜோடிக் கம்பியில வரிசையா எல்லா ஸ்டேஷனும் தொங்கும். மறுமுனையில கண்ட்ரோலர் காது கொடுத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார். அந்தக் கம்பிகள் தபால் தந்தி இலாகாவோடது, ரயில்வே வாடகை கட்டும். அதே லீஸ்டு லைன் கதைதான்.

ஆனா ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஓடுற ரயிலுக்கு வாயும் கிடையாது, காதும் கிடையாது. 1956 நவம்பர் 23 விடியக்காலம். சென்னையில இருந்து இதே பாதையில திண்டிவனம், விழுப்புரம் தாண்டிப் போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்குப் பக்கத்துல வெள்ளத்துல சேதமான மருதையாற்றுப் பாலத்துல கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனாங்க. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா பண்ணினது அதுக்காகத்தான். பாலத்தோட நிலைமை தெரிஞ்ச ஒருத்தர் அங்க நின்னிருந்தாலும், ஓடி வர்ற ரயிலுக்கு விளக்கைக் காட்டுறதைத் தவிர வேற வழி கிடையாது. வண்டி நின்னுபோனா கார்டு ஒரு பெட்டி போனைத் தூக்கிட்டு இறங்கி, நீளக் கொம்பால கம்பத்துக் கம்பியில கொக்கி மாட்டித்தான் பேசணும்.

1965ல தாம்பரம் - விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதைக்கு 25,000 வோல்ட் மின்சாரம் வந்தது. இந்த மாதிரி உயர் அழுத்த மாறுமின்சாரம் தலைக்கு மேல ஓடினா, பக்கத்துக் கம்பத்துல போற டெலிபோன் கம்பியிலயும் மின்சாரம் தூண்டப்படும். பேச்சு முழுக்க உறுமல், தொட்டா ஆபத்து. அதனால மின்மயப் பாதைகள்ல பேச்சுக் கம்பி மண்ணுக்கடியில கேபிளா போகும். சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு அவசர போன் சாக்கெட் இருக்கும். மின்கம்பங்கள்ல போட்டிருக்கிற அம்புக்குறி, எந்தப் பக்கம் நடந்தா சாக்கெட் கிட்டக்கன்னு காட்டும். ஜன்னலோரமா உட்கார்ந்து அந்த அம்பு எதுக்குன்னு ரொம்ப நாள் குழம்பியிருக்கேன்.

அதுக்கும் அப்புறம்தான் டிரைவர், கார்டு கைக்கு வாக்கி டாக்கி வந்தது. சில கிலோமீட்டர்தான் எட்டும். ஆனா பக்கத்து ஸ்டேஷனுக்கு எட்டினாப் போதுமே!

போதும்னு நிரூபிச்ச ராத்திரி 2010 ஜூன் 12. இதே பாதையில பேரணிக்குப் பக்கத்துல சித்தணி கிராமத்துல தண்டவாளத்தைக் குண்டு வெச்சுத் தகர்த்தாங்க. கொஞ்சம் முன்னாடி அந்த இடத்தைத் தாண்டிப் போன ரயிலோட ஊழியர்களுக்கு ஏதோ சரியில்லைன்னு பட்டது. ஸ்டேஷனுக்குச் சொன்னாங்க. பின்னால திருச்சியில இருந்து வந்துக்கிட்டிருந்த மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் உடைஞ்ச இடத்துக்கு முன்னாடியே நிறுத்தப்பட்டது. ஒருத்தருக்கும் காயமில்லை.

இதுல வோட்டர் பெட்டி எதுவும் கிடையாது. ஆனா ஏற்பாடு அதேதான். சின்னக் குரலை எடுக்கப் பக்கத்துலயே ஒரு காது, அந்தக் காதுல இருந்து அடுத்த இடத்துக்குத் தகவல் போக ஒரு வழி. இன்னைக்குச் செம்புக் கம்பி போய் பெரும்பாலும் கண்ணாடி இழை வந்தாச்சு. நம்ம கையில இருக்கிற செல்போனும் பக்கத்து டவர் வரைக்கும்தான் வயர்லெஸ். அதைத் தாண்டினா பெரும்பாலும் மண்ணுக்கடியில இழைதான்.

அடுத்த தடவை விழுப்புரம் பக்கம் ரயில்ல போனா, கம்பத்துல அந்த அம்புக்குறியைப் பாருங்க. கொக்கி போட்டுப் பேசின கார்டு யாராவது உங்க சொந்தத்துல இருந்தா, அவர் சொன்ன கதையைப் பின்னூட்டத்துல எழுதுங்க. அந்தக் கதை எல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.