ஏரி வண்டலும் உரிமையும்: கிளியனூர் வட்டாரத்தை முன்வைத்து

திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் அமைந்த கிளியனூர், சம்பந்தர் பதிகம் பெற்ற கிளியன்னவூராகச் சைவ மரபில் அறியப்படுவது. கோயில் வரலாற்றுக்கு அப்பால், இவ்வட்டாரத்தின் மண்ணும் ஆய்வுக்குரியது. மல்லாட்டை விளையும் செம்மண் புஞ்சையும் ஏரிப்பாசன நஞ்சையும் இங்கு அடுத்தடுத்துக் கிடக்கின்றன. செம்மண்ணில் ஈரம் நெடுநாள் தங்காது. மழைநீர் அரித்துச் சென்ற நுண்களியும் மட்கும் ஏரியடியில் படிகின்றன. கோடையில் அவ்வண்டலை வெட்டி வயலில் பரப்புதல், மேட்டுநிலம் இழந்ததை மீட்டுத் தருவதாகும். ஏரியின் கொள்ளளவும் அதனால் கூடுகிறது.

இவ்விரு பயன்களுள் ஒன்றே ஆவணங்களில் மிகுதியும் பதிவாகியுள்ளது. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் தனித்தனியே சுட்டுகின்றன. ஏரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணைக் கரையில் இடுவதற்கான அறக்கட்டளைகளையும் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. வயலுக்குச் சென்ற வண்டலோ பேசப்படுவது அரிது. கொடையாளர் பெயரின்றி உழவர் தாமே செய்துவந்த பணி என்பதே இம்மௌனத்திற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு. எருவின் இன்றியமையாமையை உழவர் அறியாதிருந்தனர் என்று கொள்வது பொருந்தாது. திருக்குறளின் உழவு அதிகாரமே உழுதலினும் எருவிடுதலை உயர்த்திப் பேசுகிறது.

காலனிய ஆட்சியில் இவ்வழக்கம் உரிமைச் சிக்கலாயிற்று. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தால், ஒதுக்கப்பட்ட காடுகளில் தழையுரம் சேகரிப்பது அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இந்திய வேளாண்மையை ஆராய்ந்த வோல்கர் 1893-இல் வெளியான தம் அறிக்கையில், சாணம் அடுப்பெரிக்கப் போவதற்கு விறகுப் பற்றாக்குறையே காரணம் எனக் கண்டு, விறகு, தீவனக் காப்பு நிலங்களைப் பரிந்துரைத்தார். உழவரின் அறியாமையைக் காரணமாக்காத அவர் பார்வை குறிப்பிடத்தக்கது. தழையும் சாணமும் அருகிய நிலையில் வண்டலின் மதிப்பு உயர்ந்திருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின், 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகளின் கீழ் வண்டலும் அனுமதிக்குரிய பொருளாயிற்று. 2017-இல் அரசு, உழவர் அதனைக் கட்டணமின்றி எடுக்க வழிவகுத்தது. 2024-இல் அனுமதி வழங்கும் அதிகாரம் வட்டாட்சியர் அளவுக்கு இறங்கியது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் விண்ணப்பத்திற்கு நில ஆவணம் வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோரிடம் அது இருப்பதில்லை.