ஐயா சேரிக்கு நடந்து வரமாட்டார்

கீழ்வெண்மணி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் தந்த தீர்ப்பின் ஜெராக்ஸ் பிரதி ஒன்றை, நான் எம்.ஏ. தமிழ் முடித்த வருஷம் ஒரு தோழர் கொண்டுவந்து கொடுத்தார். சாட்சியங்களில் முரண்பாடு என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அதையெல்லாம் வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். நிறைய நிலம் உள்ளவர்கள், கார்கூட வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். பழிதீர்க்க நினைத்தால் பின்னால் இருந்துகொண்டு ஆட்களை அனுப்பியிருப்பார்களாம். துணிந்து இறங்குகிறவன் பசித்த கூலிக்காரன்தான், சொத்துள்ளவர்கள் பத்திரமாக இருக்கவே பார்ப்பார்கள் என்று வாதம் போகிறது.

இது எந்தச் சட்டப்பிரிவு? எங்கள் ஊர் வழக்கம் அல்லவா இது! 'மிராசு சேரிக்குள்ள கால் வைக்கமாட்டாரு.' காரியக்காரர் தெருமுனையில் நின்று கூப்பிடுவார். அறுபது வயசுக் கிழவனும் அவருக்கு 'டேய்'தான். கூலி நெல்லைக் களத்தில் அளந்து போடுவார்கள், துண்டை விரித்து வாங்கிக்கொள்ள வேண்டும். தெருவுக்குள் வந்தால் தீட்டு. அந்தத் தீட்டுதான் நீதிமன்றத்தில் விடுதலைக்குக் காரணமாகப் போய் நின்றது.

அப்பாயியிடம் இதை வாசித்துச் சொன்னேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது.

"வரமாட்டாங்களா? பகல்ல வந்தாத்தான்டா தீட்டு. ராவுல வந்தா என்ன தீட்டு? வேலைக்கு வராதவன எங்கப்பன் காலத்துல வீட்டுக்குள்ள பூந்துதான இழுத்துட்டுப் போனாங்க, சாணிப்பால் குடுக்க?"

நீதிமன்றத்தில் கார் சாட்சி சொல்லியிருக்கிறது. அப்பாயியை யாரும் கூப்பிடவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கமாட்டோம் என்றார்கள். எதிரில் கோபாலகிருஷ்ண நாயுடு தலைமையிலான நெல் உற்பத்தியாளர் சங்கம். 'உற்பத்தியாளர்' என்ற பெயரைக் கவனியுங்கள், நாற்று நட்டவர்கள் அதில் இல்லை. தாக்குதல் நடந்தபோது ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். அரசுக் கணக்கில் 42 பேர், ஊர்க் கணக்கில் 44 பேர்.

அந்தக் காலத்தில் டெல்டாவில் கூலிக்காரர் பலருடைய குடிசை நின்ற மண்ணே மிராசுடையது. கோபம் வந்தால் மனையைக் காலி பண்ணச் சொல்லலாம். குடியிருப்பு மனை குடியிருப்போருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1971இல்தான், வெண்மணி எரிந்து மூன்று வருஷம் கழித்து. நம் குடிசைக்கு அடியில் உள்ள மண்ணைக்கூட வைத்திருந்தவர்களுக்கு நம் வாசல் வரைக்கும் வழி தெரியாதாமா?

1970இல் கீழ்நீதிமன்றம் நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்திருந்தது. அதைத்தான் 1973இல் நீக்கினார்கள். 1990இல் உச்சநீதிமன்றமும் விடுதலையைத் தொடவில்லை. அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொலையுண்ட வழக்கில் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். பம்பாயிலிருந்து வந்த 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' 1973 மே மாதமே, கனவான் கொலைகாரர்கள் என்று பொருள்படத் தலைப்பிட்டு எழுதியது. தமிழில் நமக்குக் கிடைத்த சொல் 'மோதல்'. சம்பவம் நடந்தபோதே பத்திரிகைகளுக்கு அது விவசாயிகளுக்குள் நடந்த மோதல். இன்றைக்கும் எங்காவது நம் தெருவுக்குள் புகுந்து அடித்தால் மறுநாள் பேப்பரில் 'இரு தரப்பினர் மோதல்' என்றுதானே படிக்கிறோம்? அடித்தவன் ஒரு தரப்பு, அடிபட்டவன் இன்னொரு தரப்பு.

இலக்கியத்துக்கு வருவோம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வெண்மணியைத் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் கொண்டுபோனது, மறுக்கவில்லை. ஆனால் அதில் நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக்குறைவு காரணமாக வருகிறது. எங்கள் வகுப்பில் இரண்டு நாள் அதைத்தான் பேசினோம், ஃபிராய்டு வரைக்கும் போனோம். படிக்கணக்கு, மனைக்கட்டு, கொடி எதுவும் வரவில்லை. ஐயா ஏன் அப்படி ஆனார் என்று கவலைப்பட எல்லோரும் இருந்தோம். நானும்தான், நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். நீதிமன்றம் மிராசுதாரின் கௌரவத்தைப் பார்த்தது, நாவல் அவருடைய மனசைப் பார்த்தது. இரண்டிலும் நடுவில் இருப்பவர் அவர்தான்.

அந்த ஜெராக்ஸின் ஓரத்தில் அப்பாயி சொன்னதைப் பென்சிலால் எழுதி வைத்தேன். ராவுல வந்தா என்ன தீட்டு? போன மாசம் ஒரு மாணவத் தோழர் படிக்க வாங்கிப்போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.