நூறு டாலர் கால்குலேட்டரின் கதை

அமெரிக்காவில் கல்லூரிக்குப் போக விரும்பும் மாணவர்கள் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற பொதுத் தேர்வை எழுதுவது வழக்கம். 1990களின் நடுவில் இருந்து, இந்தத் தேர்வுக்குத் தயாராகும் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். எந்தக் கால்குலேட்டர் வாங்குவது? கடையில் பல வகை இருந்தும் பெரும்பாலானவர்களின் பதில் ஒன்றுதான்... டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அதாவது டி.ஐ. நிறுவனத்தின் கிராஃபிங் கால்குலேட்டர். விலை நூறு டாலருக்கு மேல்! ஒரு தேர்வு, ஒரு நிறுவனம், ஒரு விலை. இது எப்படி நடந்தது?

முதலில், கிராஃபிங் கால்குலேட்டர் என்றால் என்ன என்று பார்ப்போம். சாதாரண கால்குலேட்டர் விடையை எண்ணாகத்தான் தரும். இது ஒரு சமன்பாட்டைக் கோடாக வரைந்தே காட்டிவிடும். ஒரு முப்படிச் சமன்பாட்டின் தீர்வுகள் முழு எண்களாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். பேப்பரில் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகும். இதிலோ, வளைகோடு குறுக்குக் கோட்டை எங்கெல்லாம் வெட்டுகிறது என்று பார்த்தால் போதும், சில நொடிகளில் விடை வந்துவிடும். நிமிடங்களை எண்ணி எழுதும் தேர்வில் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

கடைக்கு வந்த முதல் கிராஃபிங் கால்குலேட்டர் டி.ஐ. செய்தது அல்ல. 1985ல் ஜப்பானின் கேசியோ நிறுவனம் வெளியிட்ட எஃப்.எக்ஸ்.-7000ஜி தான் அது. நினைவகம் வெறும் 422 பைட். திரையில் 96க்கு 64 புள்ளிகள். டி.ஐ.யின் முதல் கிராஃபிங் கால்குலேட்டரான டி.ஐ.-81 வந்தது 1990ல், ஐந்து வருடம் தாமதமாக!

தாமதமாக வந்தவர்கள் சரியான கதவைத் தட்டினார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க்ளின் டெமானா, பெர்ட் வெயிட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள், வகுப்பில் இந்தக் கருவியை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார்கள். டி.ஐ. அவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. என்ஜினியர்களைக் குறிவைக்காமல் ஆசிரியர்களைக் குறிவைத்தது.

காலமும் கைகொடுத்தது. 1989ல் அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் கிராஃபிங் வசதியுள்ள கால்குலேட்டர் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1994ல் எஸ்.ஏ.டி. தேர்வில் கால்குலேட்டர் முதல் முறையாக அனுமதிக்கப்பட்டது. 1995ல் ஏ.பி. கால்குலஸ் தேர்வு ஒரு படி மேலே போய், கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் தேவை என்றது. அனுமதி என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு அல்லவா? அன்றோடு அது பாடப்புத்தகம் போல வாங்கியே ஆக வேண்டிய பொருளானது.

இதற்குப் பிறகு தேர்வு விதிகளே கருவியின் உருவத்தையும் தீர்மானித்தன. 1995ல் வந்த டி.ஐ.-92 அல்ஜீப்ராவையே செய்துவிடும். ஆனால் அதில் டைப்ரைட்டர் மாதிரி முழு விசைப்பலகை இருந்ததால் எஸ்.ஏ.டி. அதைத் தடை செய்தது. 1998ல் ஏறக்குறைய அதே திறமையோடு, அந்த விசைப்பலகை இல்லாமல் டி.ஐ.-89 வந்தது. எஸ்.ஏ.டி. சரி என்றது. ஏ.சி.டி.யோ அல்ஜீப்ரா செய்யும் எந்தக் கருவியும் கூடாது என்று அதையும் ஒதுக்கியது. எல்லாத் தேர்வுக்கும் ஒரே கருவி வேண்டும் என்பவர்களுக்குப் பத்திரமான வழி, அல்ஜீப்ரா செய்யாத டி.ஐ.-83, அதன் பின் 2004ல் வந்த டி.ஐ.-84 பிளஸ்.

இங்கேதான் வணிகவியல் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. டி.ஐ.-84 பிளஸ்ஸின் திரையிலும் அதே 96க்கு 64 புள்ளிகள்தான், 1985ல் இருந்த மாதிரியே. உள்ளே இருந்தது 1976ல் அறிமுகமான இசட்80 சிப்பின் வழிவந்த சிப். கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் விலை குறைந்து திறன் கூடிய அதே வருடங்களில் இது மட்டும் நூறு டாலருக்கு மேலேயே நின்றது. ஏன்?

தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர் என்பதால்தான். மருந்துச் சீட்டு எழுதுவது டாக்டர், காசு கொடுப்பது நோயாளி என்பது போல! ஆசிரியர் பழகியது டி.ஐ. அவர் "இந்தப் பட்டனை அழுத்து" என்று சொல்லிக் கொடுப்பதும் டி.ஐ.யின் பட்டனைத்தான். வேறு கம்பெனி கருவி வாங்கிய பையன் வகுப்பில் தனியாகத் திணற வேண்டும். விலை குறைந்த கேசியோ கடையில் இருந்தும் பெற்றோர் அதை வாங்கப் பயந்தார்கள். போட்டியாளர் இருந்தார், போட்டிதான் இல்லை.

இதில் அடிபட்டது யார்? வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். எஸ்.ஏ.டி. நடத்தும் காலேஜ் போர்டு, எல்லாக் கேள்விக்கும் கால்குலேட்டர் இல்லாமலே விடை காண முடியும் என்று சொல்லி வந்தது. உண்மைதான். ஆனால் நடந்தே ஊருக்குப் போக முடியும் என்பதும் உண்மைதானே? பஸ்ஸில் போகிறவன் முதலில் போய்ச் சேருகிறான். கணிதத் திறமையை அளக்க வந்த தேர்வு, கொஞ்சம் வீட்டுப் பணத்தையும் சேர்த்து அளந்துவிட்டது.

மாற்றம் எதிர்பாராத பக்கத்தில் இருந்து வந்தது. 2011ல் எலி லுபராஃப் தொடங்கிய டெஸ்மாஸ், இன்டர்நெட்டில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிராஃபிங் கால்குலேட்டரைத் தந்தது. எஸ்.ஏ.டி. 2023ல் வெளிநாடுகளிலும், 2024ல் அமெரிக்காவிலும் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, டெஸ்மாஸ் தேர்வுத் திரையிலேயே இடம்பிடித்தது. சொந்தக் கால்குலேட்டரையும் கொண்டு போகலாம். ஆனால் கொண்டு போகாதவன் இனி நடந்து போக வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் முதல் அல்ஜீப்ரா செய்யும் கருவிகளை எஸ்.ஏ.டி.யும் தடை செய்துவிட்டது.

பல வருடங்களாகச் சந்தையால் செய்ய முடியாததை ஒரு விதி மாற்றம் செய்து முடித்தது. அதில் ஆச்சரியம் இல்லை... அந்தச் சந்தையை உருவாக்கியதும் ஒரு விதிதானே!